நாற்பத்திரண்டாவது குரல்

ஆடி பிறந்து ஆறாம் நாள் காலை, திருப்பூரிலிருந்து சேலம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கோகிலவாணி, கண்டக்டர் வந்து எந்த ஊர் என்று கேட்டதும், பதினாறு வருஷமாகச் சொல்லிப் பழகிய தன் புருஷன் ஊரின் பேரைச் சொல்ல வாயைத் திறந்தாள், பேர் வரவில்லை. நாக்கு அசைந்தது, உதடு குவிந்தது, பஸ் கதவு மூடும்போது வருமே, அந்த மாதிரி ஒரு வெறுங்காற்று மட்டும் வந்தது. ஊர் மறந்துபோகவில்லை. மலைமேல் கோட்டை கண்ணுக்குள் நின்றது, லாரிப் பட்டறைகளின் கிரீஸ் வாசனை மூக்கில் ஏறியது, மாமியார் வீட்டு வாசலில் படி எத்தனை என்பதுகூடத் தெரிந்தது. பேர்தான் இல்லை.

"பெருந்துறையா, பவானியா, சங்ககிரியா? சொல்லுங்கம்மா, பின்னாடி ஆள் நிக்குது" என்றார் கண்டக்டர்.

மூன்றாவது பேருக்குத் தலையாட்டினாள். டிக்கெட்டை வாங்கிப் பையில் போட்டபோது போன் ஒருமுறை அதிர்ந்தது. திரையில் இப்படி இருந்தது: உங்கள் ஏழாவது கோப்பு போதிய கவனம் பெறாததால் மேகமாடத்திலிருந்து அகற்றப்பட்டது.

ஏழாவது கோப்பு என்னவென்று அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் குப்புராசு பெங்களூருக்குப் பனியன் லோடு அடித்தவன். போகிற வழியில் ஒவ்வொரு ஊரிலும் லாரியை நிறுத்தி, இறங்கி நின்று, ஒரு குரல் அனுப்புவான். "வாணி, சங்ககிரி வந்துட்டேன்." "வாணி, ஓமலூர்ல நிக்கறேன், இங்க மழை." ஓடுகிற வண்டியிலிருந்து ஒருநாளும் பேசமாட்டான், அந்த மண்ணில் கால் வைத்துத்தான் அந்தப் பேரைச் சொல்வான், அது அவன் வழக்கம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கணவாய் இறக்கத்தில் அவன் லாரி உருண்டு, அவன் வராமல் போன பிறகு, அவள் போனில் இருந்ததையெல்லாம் அலசி, ஊருக்கு ஒன்றாக நாற்பத்திரண்டு குரல்களையும், ஊர்ப்பேர் எதுவும் இல்லாத கடைசிக் குரல் ஒன்றையும் எடுத்து, நாற்பத்துமூன்றாக மேகமாடம் என்ற கம்பெனியின் இணையக் கிடங்கில் போட்டு வைத்தாள். போன் தொலையும், போன் உடையும், மேகமாடம் உடையாது என்று அந்தக் கம்பெனி அப்போது எல்லாருக்கும் சொல்லியிருந்தது. திருப்பூரில் பாதிப்பேர் தங்கள் கல்யாண வீடியோ, காதுகுத்துப் படம், செத்தவர் குரல், பிறந்தவர் அழுகை எல்லாவற்றையும் அதில்தான் போட்டு வைத்திருந்தார்கள்.

திரும்பி வந்து லைன் வீட்டில் இதைச் சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. கொங்கு மெயின் ரோட்டுக்குப் பின்னால், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் பதினொரு வீடுகள், நடுவில் ஒரு தண்ணிக்குழாய், கடைசியில் ரெண்டு கக்கூஸ் என்று இருந்த அந்த லைனில், ஏற்கெனவே நாலு வீட்டில் அது நடந்திருந்தது. ஒன்பதாம் நம்பர் வீட்டு பவுனுத்தாய், ஆண்டிபட்டியிலிருந்து வந்து ஓவர்லாக் தைக்கிறவள், தன் கைக்குழந்தைக்குத் தானே கட்டிய தாலாட்டை அடி அடியாகப் படம்பிடித்துப் போட்டிருந்தாள். முந்தின செவ்வாய்க்கிழமை முதல் அதன் இரண்டாவது அடி அவள் வாயில் வரவில்லை, முதல் அடியும் மூன்றாவது அடியும் இருந்தன, நடுவில் ஒரு பல் விழுந்த ஓட்டை மாதிரி காற்று ஓடியது, குழந்தை அந்த இடத்தில் கண்ணைத் திறந்துகொண்டு காத்திருந்தது. நாலாம் நம்பர் மஸ்தான் பாய், கட்டிங் மாஸ்டர், பக்கத்துக் கட்டட மாடியில் புறா வளர்க்கிறவர், புறாவைக் கூப்பிடுகிற சீழ்க்கையை இழந்திருந்தார்; உதட்டை எப்படிச் சுழித்தாலும் அது வரவில்லை, புறாக்கள் எதிர்க் கம்பெனிக் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

முதல் வாரம் அழுதார்கள். இரண்டாம் வாரம் தண்ணி விடாத நாளைப் பற்றிப் பேசுவதுபோல் அதைப் பற்றிப் பேசப் பழகிக்கொண்டார்கள். காலையில் ஏழு மணிக்குத்தான் அகற்றுவார்கள் என்று தெரிந்துவிட்டது; ஆகவே ஏழேகாலுக்குக் குழாயடியில் குடத்தோடு கூடி, எங்க வீட்ல இன்னிக்கு ஒண்ணு போச்சு, உங்க வீட்ல என்ன போச்சு என்று கேட்டுக்கொண்டார்கள். டீக்கடையில் பேர் தொலைந்த பண்டங்களுக்குக் கைச்சாடை வந்தது. பனியன் கம்பெனியில் ஒரு சூப்பர்வைசருக்குத் தன் சிரிப்பே போய்விட, அவர் சிரிக்க வேண்டிய இடங்களில் மேசையை இரண்டு தட்டு தட்டினார், எல்லாரும் அதைச் சிரிப்பென்றே எடுத்துக்கொண்டார்கள். கோயில் பூசாரி, மாரியம்மனைக் கூப்பிடுகிற ஒரு வரி போய்விட்டதால், அந்த இடம் வந்ததும் நிறுத்தி மணியை ஆட்டினார். அம்மனுக்கும் அது பழகிவிட்டது என்று சொன்னார்கள். ஏன் இப்படி, எதனால் இப்படி என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. கொடுத்தவன் எடுத்துக்கொள்கிறான் என்றார்கள் சிலர். நாம்தானே கொடுத்தோம், அவன் எங்கே கொடுத்தான் என்று ஒருத்தி மட்டும் கேட்டாள். அவள் கோகிலவாணி.

ஆவணி பிறப்பதற்குள் அவள் வாயிலிருந்து ஓமலூர் போனது, பவானி போனது, கிருஷ்ணகிரி போனது. ஒரு திங்கட்கிழமை காலை நாற்பத்திரண்டாவது குரல் போனது. அதில் இருந்தது அந்தக் கணவாயின் பேர். பாதையின் உச்சியில் லாரியை நிறுத்தி, டீக்கடை வாசலில் நின்று, அந்த ஊர்ப்பேரைச் சொல்லி, டீ சொல்லியிருக்கேன் என்று அவன் சொன்ன குரல் அது. டீ குடித்து முடித்த பிறகு இன்னொன்று அனுப்பியிருந்தான். அதுதான் கடைசி: "வீட்டுக்கு வந்துட்டே இருக்கேன் வாணி."

அன்று குழாயடியில் குடம் நிறைந்து வழிந்தது, அவள் கவனிக்கவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ நாற்பத்துமூன்றாவதும் போகும். அது போனால் எந்த ஊரின் பேரும் போகாது, வீடு என்கிற சொல்தான் போகும். அப்புறம் எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

"பவுனு, எனக்கு இது பத்தாது. அழுதுட்டுக் கைச்சாடை போட்டுட்டு இருக்க என்னால ஆகாது" என்றாள்.

"என்னக்கா செய்யப் போற? அவெங்க எங்க இருக்காய்ங்கன்னே தெரியல."

"அவனுங்க எங்கயோ இருந்துட்டுப் போகட்டும். என்னோடது என் வீட்ல இருக்கோணும்."

அவள் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டரில் அளவுப் படம் போடுகிற வேலை பார்த்தாள். அங்கே பழைய கம்ப்யூட்டர் ஒன்று, மெதுவாக ஓடுகிறதென்று ஒதுக்கப்பட்டு, வேஸ்ட் துணி மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தது. கேட்டாள், எடுத்துக்கோ என்றார்கள். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் இறக்கி, பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, அதன் வயிற்றில் புதிதாக ஒரு ஹார்டு டிஸ்க்கை மாட்டினாள்.

அதற்கு மேல் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. தேடினாள். முகம் தெரியாத யார் யாரோ, வேலூரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும், தமிழிலேயே எழுதி வைத்திருந்தார்கள். கட்டற்ற மென்பொருள் என்று அதற்குப் பேர். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் பிரித்துப் பார்க்கலாம், யாரும் திருத்தலாம், யாரும் யாருக்கும் கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருந்ததை அவள் ஒருமுறை படித்தாள், நம்பாமல் மறுபடி படித்தாள், பிறகு ஓவர்டைம் முடித்துக் களைத்து வந்த பவுனுத்தாயை நிறுத்தி வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"யாரும்னா நம்மளுமாக்கா?"

"நம்மளுந்தான்."

முதல் ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ் என்கிற அந்தக் கட்டற்ற மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றிப் போட்டாள். திரை கறுப்பாக நின்று ஒரு வெள்ளைக் கோடு மட்டும் சிமிட்டியது. விடுமுறை போட்டு மறுநாளும் உட்கார்ந்தாள். இந்த முறை ஏறியது, ஆனால் வைத்த பாஸ்வேர்டு அவளுக்கே மறந்துபோனது. மூன்றாம் முறை எல்லாம் சரியாக வந்து, சத்தம் மட்டும் கேட்கவில்லை, ஒயரைத் தப்பான துளையில் சொருகியிருந்தாள். நாலாம் முறை, குரலையும் படத்தையும் வைத்திருந்து எடுத்துத் தருகிற மீடியா சர்வர் எழுந்து நின்றது. வீட்டுக்குள் இருக்கிற எந்த போனிலிருந்தும் அதைத் திறக்கலாம் என்று அது ஓர் எண் கொடுத்தது. புள்ளி புள்ளியாய் நீண்ட அந்த எண்ணை, மறக்கக் கூடாதென்று, துணியில் அளவு போடுகிற மார்க்கரால் சுவரில் பெரிதாக எழுதினாள்.

பிறகு மேகமாடத்தைத் திறந்தாள். மிச்சமிருந்தவை பத்தொன்பது. ஒவ்வொன்றாக இறக்கினாள். மேகமாடம் வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து முறை உறுதியா உறுதியா என்று கேட்டது, வழியில் நின்றது, மறுபடி தொடங்கச் சொன்னது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி நாற்பத்துமூன்றாவதை முதலில் எடுத்தாள், கடைசி ஒன்று இறங்கி முடிந்தபோது மணி ஆறு ஐம்பத்தெட்டு. ஏழு மணிக்குப் போன் அதிர்ந்தது. நாற்பத்துமூன்றாவது கோப்பு போதிய கவனம் பெறாததால் அகற்றப்பட்டது.

அவள் மெதுவாக எழுந்து வாசலுக்கு வந்தாள். குழாயடியில் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"வீடு" என்றாள். வந்தது. "வீடு, வீடு, வீடு" என்றாள். ஒவ்வொரு முறையும் வந்தது. பவுனுத்தாய் குடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

அன்று முதல் அவள் வீட்டு வாசலில் வரிசை நின்றது. பதினொரு வீட்டுக்காரர்களும் மிச்சமிருந்ததைக் கொண்டுவந்தார்கள். போனது வரவில்லை, வீட்டுக்குள் வந்தது போகவில்லை. தாலாட்டில் மீதமிருந்த பத்து அடிகளும் உள்ளே வந்தன, பவுனுத்தாய் போன இரண்டாவது அடிக்குப் பதில் வேறொன்று கட்டிப் பாடி அதையும் ஏற்றினாள், குழந்தை இரண்டு நாள் முறைத்துவிட்டு மூன்றாம் நாள் ஏற்றுக்கொண்டது. கம்ப்யூட்டர் சூடாகிறதென்று காற்றுப்போக ஓட்டை வைத்து மஸ்தான் பாய் அதற்கு ஒரு பனியன் தைத்தார். ஒரே இடத்தில் வைத்தால் அது வைத்ததாகாது என்று அந்த யாழ்ப்பாணத்து ஆள் எழுதியிருந்ததால், இன்னொரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகலெடுத்து, நாலாம் நம்பர் வீட்டில் புறாத்தீவன மூட்டைக்கு மேல் வைத்தார்கள். புரட்டாசி வருவதற்குள் பக்கத்து லைன், அதற்கடுத்த லைன், மூன்றாவது தெரு என்று பேச்சுப் பரவி, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்கள் பழைய கம்ப்யூட்டர்களைத் தோளில் சுமந்து வந்தார்கள். கோகிலவாணி யாருக்கும் செய்துகொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, நீங்களே செய்யுங்க, நான் பார்க்கறேன் என்றாள். தமிழ் விளக்கத்தில் ஓரிடத்தில் எழுத்துப் பிழை இருந்தது. திருத்தி அனுப்பினாள், முகம் தெரியாத யாரோ நன்றி சொல்லி அதைச் சேர்த்துக்கொண்டார்கள். அன்று முழுக்க அவள் தரையில் கால் படாமல் நடந்தாள் என்று லைனில் இன்னும் சொல்கிறார்கள். அது சும்மா பேச்சு. நன்றாகவே கால் பட்டது, கொஞ்சம் வேகமாக நடந்தாள், அவ்வளவுதான்.

மேகமாடக் கம்பெனிக்கு இது தெரிந்தது. லைன் வீட்டு முதலாளி சென்னியப்பனின் மாடியில்தான் மேகமாடத்தின் இணைப்புப் பெட்டி இருந்தது, அந்தப் பகுதிக்கு ஏஜெண்ட்டும் அவர்தான். பதினொரு வீட்டில் ஒருத்தரும் மேகமாடத்தைத் திறப்பதில்லை என்று அந்தப் பெட்டி சொல்லியிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை வாசலில் வந்து நின்றார்.

"ஏனம்மணி, உள்ள என்னமோ பொட்டி வெச்சு ஓட்டறியாமா?"

"ஆமாங்க. வந்து பாருங்க."

"நான் எதுக்குப் பாக்கறேன். பொட்டியை எடு. இல்லீன்னா வீட்டைக் காலி பண்ணு. கம்பெனிக்காரங்க எனக்குப் பதில் சொல்லச் சொல்றாங்க."

அவள் பேசுவதற்குள் பவுனுத்தாய், "அப்ப ஒம்பதாம் நம்பரும் காலிங்க" என்றாள். நாலும் காலி என்றார் மஸ்தான் பாய். ஒன்று காலி, ஏழு காலி, பதினொன்று காலி என்று வாசல் வாசலாகச் சத்தம் வந்தது. சென்னியப்பன் அந்த வரிசையை ஒருமுறை பார்த்தார். நேராகப் போய், மாடியில் ஏறி, லைனுக்கு வருகிற இணைப்பு ஒயரை வெட்டிவிட்டார்.

எல்லார் போனிலும் நெட் போனது. அப்போது ஒன்பதாம் நம்பர் வீட்டுக்குள்ளிருந்து, தொட்டில் பக்கத்தில் வைத்திருந்த போனில், தாலாட்டு நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது கேட்டது. வெளியுலகம் அறுந்தாலும் வீட்டுக்குள் இருப்பது வீட்டுக்குள் ஓடும் என்பதை அன்றுதான் அவர்கள் காதால் கேட்டார்கள். யாரோ கைதட்டினார்கள். சென்னியப்பன் மாடியில் கத்தரிக்கோலோடு நின்றபடி முழுத் தாலாட்டையும் கேட்டார், கேட்க வேண்டியதாயிற்று. திங்கட்கிழமை பதினொரு வீடும் சேர்ந்து வேறொரு இணைப்பு வாங்கிக்கொண்டன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனியிலிருந்தே ஒருவர் வந்தார். பிரசன்னா என்று பேர். முப்பது வயதிருக்கும், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார், கொடுத்த தண்ணீரை முழுதும் குடித்தார், கோகிலவாணியை மேடம் என்று கூப்பிட்டார். குழாயடியில் இரண்டு நாற்காலி போட்டு, அவரையும் அவளையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். லைன் முழுக்கச் சுற்றி நின்றது.

"உங்க மேல எங்களுக்கு ஒரு கோபமும் இல்ல மேடம். ஒரு விஷயம் சொல்றேன். நாங்க எதையும் அழிக்கல. எடுத்துத் தனியா வெச்சிருக்கோம். உங்க இருபத்துநாலும் பத்திரமா இருக்கு."

அவள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தாள்.

"இந்தப் பெட்டியை நிறுத்திட்டு, இதுல இருக்கறதையும் எங்ககிட்டயே கொடுத்துட்டா, இருபத்துநாலையும் இன்னிக்கே திருப்பித் தர்றோம். உங்களுக்கு மட்டும் இனி எப்பவும் எடுக்கமாட்டோம். எழுதியே தர்றோம்."

"எனக்கு மட்டுமா?"

"உங்களுக்கு மட்டும்."

அவர் கையிலிருந்த பலகை மாதிரியான திரையைத் தொட்டார். நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம் அதிலிருந்து புறப்பட்டு வந்தது: லாரிகளின் இரைச்சல், கண்ணாடி டம்ளர்கள் மோதுகிற சத்தம், அதற்கு நடுவில் குப்புராசு. "வாணி, தொ—"

நிறுத்திவிட்டார். அந்த ஓரெழுத்து அவள் தொண்டையில் வந்து நின்றது. அவள் உதடு அதைப் பிடிக்கக் குவிந்தது. கைவிரல்கள் நாற்காலியின் விளிம்பைப் பற்றின. எதிரில் திரையில், ஏற்கிறேன் என்று எழுதிய ஒரு பச்சைக் கட்டம் அவளுக்காகக் காத்திருந்தது. அதைத் தொட எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பதை அவள் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை. விரல் நுனி எரிந்தது என்றாள். அவன் குரல் முடியாமல் நிற்பதைக் கேட்பது, அவன் பாதி வாசலில் நிற்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது என்றாள்.

பவுனுத்தாய் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "நீ தொடுறதுன்னா தொடுக்கா. நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்" என்றாள். அந்தப் பெட்டியில்தான் அவள் தாலாட்டு இருந்தது.

பிரசன்னா நல்ல மனிதர்தான், தயக்கத்தைப் பார்த்து உதவ நினைத்தார். "அந்த ஒரு பேரை வேணா விட்டுடலாம் மேடம். உங்க கணவர் போன இடம் அது. அந்தப் பேர் உங்க வாயில வராம இருக்கறது உங்களுக்கே ஒரு நிம்மதிதானே?"

கோகிலவாணி எழுந்து நின்றாள்.

"எனக்கு எது நிம்மதின்னு உங்க கம்பெனியா முடிவு பண்றது? அந்தப் பேரும் என்னோடதுதாங்க. சந்தோசம் மட்டும் என்னோடது, துக்கம் உங்களோடதுன்னு நான் எழுதித் தரலை. என் புருசன் விழுந்த எடத்தோட பேரை, நான் அழோணும்னா சொல்லி அழுவேன், திட்டோணும்னா சொல்லித் திட்டுவேன். பாதி எழுத்தைக் காட்டி மீதியைக் கையில வெச்சுட்டு நிக்கறீங்களே, உங்களை நம்பி இந்தக் குழந்தையோட தாலாட்டைக் குடுப்பனா?"

"மேடம், யோசிச்சு..."

"யோசிச்சாச்சுங்க. என்னோட இருபத்துநாலை வெச்சுக்குங்க. நீங்க வெச்சிருந்தாலும் அது என்னோடதுதான். இந்தப் பொட்டியை நிறுத்த மாட்டேன். நிறுத்தினாலும் மூணு தெருவுல முப்பது பொட்டி ஓடுது. எதுல எது இருக்குன்னு எனக்கே தெரியாது."

பிரசன்னா பச்சைக் கட்டத்தை ஒருமுறை பார்த்தார், திரையை அணைத்தார். கிளம்பும்போது தண்ணீர் டம்ளரைத் தானே குழாயடியில் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அவள் சாப்பிடவில்லை. சரியாகச் செய்தோம் என்று தெரிந்தும் மார்பு காலியாக இருந்தது. பவுனுத்தாய் ஒரு யோசனை சொன்னாள்: காகிதத்தில் அந்தப் பேரை எழுதிப் பார்த்து, தான் சத்தமாகப் படிக்க, அதைப் பதிந்து பெட்டியில் போட்டால் என்ன? போட்டார்கள். பெட்டி வாங்கிக்கொண்டது, தொண்டை வாங்கிக்கொள்ளவில்லை. இருபத்துநாலு பேர்களையும் படித்துப் பார்த்தார்கள். வெறுங்காற்று.

அப்போது மஸ்தான் பாய் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் கையில் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் இருந்தன.

"தங்கச்சி, என் சீழ்க்கை போனது போனதுதான். நான் இந்தத் தட்டைத் தட்டிப் பழக்கினேன். முதல்ல கீழ உக்காந்து தட்டினேன், ஒரு புறாவும் திரும்பிப் பாக்கல. மாடியில, அதுக எறங்குற எடத்துல நின்னு தட்டினேன். பதினோரு நாள். இன்னிக்கு எல்லாம் எறங்கிருச்சு. அந்தச் சத்தத்தைப் பொட்டியில போடத்தான் வந்தேன்." கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "உன் வீட்டுக்காரர் அந்தந்த ஊர்ல நின்னுதானேம்மா சொன்னாரு? நீ இங்க உக்காந்து சொன்னா அது எப்படி வரும்?" என்றார்.

அவள் எழுந்து போய், சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

வெளியூரிலிருந்தும் வீட்டுப் பெட்டியைத் திறக்க ஒரு வழி உண்டு. தனக்கு மட்டும் தெரிந்த ஒரு சுரங்கப்பாதை மாதிரி அது, ஊர் முழுக்கப் போகிற ரோட்டுக்கு அடியிலேயே போகும், யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பவுனுத்தாய் எழுதிக் கொடுத்த காகிதத்தோடு பஸ் ஏறினாள். சேலத்தில் மாறினாள். தர்மபுரி பஸ்ஸில் கண்டக்டரிடம் காகிதத்தை நீட்டினாள். மலைமேல் ஏறியதும், உச்சியில் ஒரு டீக்கடை வாசலில் அவளை இறக்கிவிட்டார்கள்.

அவள் அந்த இடத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. உடம்பைக்கூட சேலம் ஆஸ்பத்திரியில்தான் வாங்கினார்கள். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ரோடு வளைந்து வளைந்து இறங்கியது, லாரிகள் பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக் போட்டபடி ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ரப்பர் கருகிய வாசனை. குரங்குகள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தன. டீக்கடையில் ஒரு பெண் பால் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள், நெற்றியில் பெரிய பொட்டு, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள்.

"டீயா கண்ணு?"

"டீ குடுங்கக்கா. அப்பறம் ஒண்ணு கேக்கோணும். இந்த ஊர்ப்பேரை ஒருக்கா சொல்லுங்க."

டீக்கடைப் பெண் தலைக்கு மேலிருந்த போர்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், அவள் நீட்டிய போனைப் பார்த்தாள். லாரிக்காரர்கள் இரண்டு பேர் டம்ளரோடு திரும்பினார்கள்.

"போர்டுல இருக்குதே. படிக்கத் தெரியாதா?"

"படிக்கத் தெரியும். சொல்ல வராது. என் வீட்டுக்காரர் இங்க டீ குடிச்சுட்டுத்தான் இறங்கினார்."

அந்தப் பெண் கரண்டியை வைத்தாள். கையைத் துடைத்தாள். எத்தனையோ பேர் அந்தக் கடையில் அப்படி வந்து நின்றிருக்க வேண்டும், அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் குனிந்து, ஒரு பெரிய வேலையைச் செய்கிறவள்போல், ஒவ்வொரு எழுத்தாக, கணீரென்று அந்த ஊரின் பேரைச் சொன்னாள். பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தது, அதுவும் பதிவாயிற்று.

கோகிலவாணி அதை வீட்டுக்கு அனுப்பினாள். மலையில் சிக்னல் மெலிதாக இருந்தது. பத்து விழுக்காடு, பதினேழு, நாற்பது. டீ ஆறியது. லாரிக்காரர்கள் கிளம்பாமல் நின்றார்கள். எழுபத்தொன்றில் நின்றது, அவள் போனைத் தலைக்கு மேல் தூக்கினாள், டீக்கடைப் பெண் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். நூறு.

நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், பனியன் போட்ட ஒரு பெட்டியில் சின்ன பச்சை விளக்கு மினுக்கியது. பவுனுத்தாய் போனில் அதைத் திறந்து, பதினொரு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டினாள்.

கணவாயில் அவள் ரோட்டோரம் வரை நடந்தாள். கைப்பிடிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, இறங்குகிற லாரிகளையும் அவை போய் மறைகிற வளைவையும் பார்த்தாள். வாயைத் திறந்தாள். வந்தது. அது குப்புராசுவின் குரலைப்போல் இல்லை. அந்த டீக்கடைப் பெண்ணின் இழுப்பும், ஒரு லாரியின் ஹாரனும், அவளுடைய கோபமும் அதில் கலந்திருந்தன.

"தொப்பூர்!" என்று கத்தினாள். மலை அதைத் திருப்பிச் சொன்னது. மறுபடி கத்தினாள். அழுகையும் கூடவே வந்தது, அவள் அதைத் தடுக்கவில்லை. தொண்டை கரகரத்துப் போகிற வரைக்கும், ஒவ்வொரு லாரிக்கும் ஒருமுறை, அந்தப் பேரை முழுசாகச் சொன்னாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். இன்னும் இருபத்துமூன்று ஊர்கள் இருந்தன. கிருஷ்ணகிரிப் பக்கம் போகிற பஸ் ஒன்று வளைவில் ஏறி வந்துகொண்டிருந்தது. ரோட்டைத் தாண்டி ஓடிப்போய்க் கையை நீட்டினாள்.